மாசத்லானின் மிக மோசமான சுற்றுலா

ஜனவரி 14, செவ்வாய்

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவதாவது: எங்கள் வண்டியின் இடது ஸ்பீக்கர், நெடுநாள் இருமலுக்குப் பின், இன்று காலை துறைமுக வாசலில் பாட்டின் நடுவே இயற்கை எய்தியது. அன்னாருக்கு வலது ஸ்பீக்கர் ஒன்றும் துருப்பிடித்த திருகுகள் சிலவும் உள்ளன. துக்கத்தின் அடையாளமாக, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் பனியனை அரைக்கம்பத்துக்கு இறக்கினேன். அது மண்ணில் விழுந்தது. அம்மா அறையக் கம்போடு வந்தாள்.

ஒரு ஸ்பீக்கருக்கா இத்தனை ஒப்பாரி? ஆமாம். இந்த ஊரில் எங்களுடையது மாதிரித் திறந்த வாடகை வண்டிக்குப் பெயர் புல்மோனியா. அதாவது நிமோனியா. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது, காற்று மட்டும் தாராளம். "வாங்க, நிமோனியாவில் ஏறுங்க" என்று கூப்பிட்டால் எந்தக் கப்பல் பயணி வருவான்? பாட்டைப் போட்டுத்தான் இழுக்கவேண்டும். போட்டிக்கு நிற்கும் சீலோ அண்ணன் வண்டியில் ஸ்பீக்கர் வரிசையாக இருக்கிறது, ஊதா விளக்கு இருக்கிறது, நுரை துப்பும் மெஷின்கூட இருக்கிறது. எங்கள் வண்டியில் ஒரு ஸ்பீக்கர், ஒரு அக்கா, ஒரு நான்.

அப்பாவுக்கு முதுகு போனதிலிருந்து ஒதிலியா அக்காதான் ஓட்டுகிறாள். துறைமுக வாசலில் நிற்கும் வண்டிக்காரர் வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். இறங்குகிற பயணிகளில் பாதிப் பேர் கப்பலிலேயே சுற்றுலா வாங்கி, நெஞ்சில் எண் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, நேரே பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். பயணிகளா, பணயக்கைதிகளா? மிச்சப் பேரில் சிலர் சாலையில் பூசியிருக்கும் நீலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே பழைய ஊருக்குப் போகிறார்கள். கடைசியாக மிஞ்சுகிறவர்கள்தான் எங்களுக்கு. அவர்களும் வாசலில் நின்று, பாறையிலிருந்து கடலில் குதிக்கிறவனைப் பார்ப்பதா, தீவில் குளிப்பதா, கம்பியில் தொங்குவதா, டெக்கீலா காய்ச்சுகிற இடத்துக்குப் போவதா என்று குழம்பிக் குழம்பி, சீலோவின் ஊதா விளக்கில் போய் விழுகிறார்கள்.

இன்றும் அக்கா காலி வண்டியோடு திரும்பினாள். துறைமுகத்தில் ஒரு துயரமுகம்.

ஜனவரி 15, புதன்

தோன் எவாரிஸ்தோ வீட்டுக்கு வந்தார். வரிசைக்கு அவர்தான் தலைவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். வைத்துக்கொண்டார்.

"பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது. ஆனா வாசல்ல தினம் ஒரு காலி வண்டி நின்னா நல்லால்லேன்னு பசங்க பேசிக்கிறாங்க."

"எந்தப் பசங்க? சீலோவா?" என்று அப்பா தரையிலிருந்து கேட்டார். அவர் பலகை போட்டுத் தரையில்தான் படுக்கிறார். அதனால் வருகிற எல்லாரையும் மூக்குத் துவாரம் வழியாகத்தான் அவருக்குத் தெரியும்.

"பேரெல்லாம் எதுக்குப்பா. கார்னிவல் திருவிழா முடிஞ்சு சாம்பல் புதனன்னைக்குக் கூட்டம். கை தூக்கச் சொல்லுவேன். பாதிக் கை எழும்பலேன்னா வண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பஸ் ஸ்டாண்டில் புல்மோனியாவை யார் சீண்டுவார்கள்? மூட்டையோடு வருகிறவர்களுக்குக் கூரை வேண்டும். வண்டி அங்கே போனால் அக்கா மறுபடி கடல்தாண்டிக் காபோவுக்குப் போகவேண்டும், ஹோட்டல் அறை துடைக்க. மூன்று வருஷம் அங்கே இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். அந்த வருஷங்களில் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் அவள் முகத்தைப் பார்ப்போம், அதுவும் பாதி தூக்கத்தில்.

அக்கா, "சாம்பல் புதன் வரைக்கும் நாள் இருக்கில்ல" என்றாள். எழுந்து போய் வண்டியைக் கழுவினாள். காலையில் கழுவிய வண்டி.

அவள் போகமாட்டாள். நான் போகவிடமாட்டேன். எப்படி என்று இன்னும் தெரியாது. ஆனால் எழுதியாயிற்று, இனி மாற்றமுடியாது.

ஜனவரி 16, வியாழன்

பள்ளிச் செய்தி (எனக்குப் பிற்பகலில்தான் பள்ளி): ஆங்கிலத்தில் எனக்கு மறுதேர்வாம், மார்ச் ஆறாம் தேதி, வாய்மொழியாக. எனக்கு ஆங்கிலம் நன்றாகப் புரிகிறது. ஆங்கிலத்துக்குத்தான் என்னைப் புரியவில்லை. நகர்வோம்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று சீலோவின் வண்டிப் பின்புறத்தில் அட்டை ஒன்றை ஒட்டினேன். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்: "மாசத்லானின் மிக மோசமான சுற்றுலா இதுதான்." பழிவாங்கல். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

நடந்தது என்னவென்றால் கூட்டம் கூடிவிட்டது! ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஒரு கணவனும் மனைவியும் அடித்துப்பிடித்து ஏறினார்கள். சீலோவுக்கு ஆங்கிலம் பூஜ்யம். தன் அழகுக்குத்தான் கூட்டம் என்று சட்டைப் பொத்தானில் இன்னொன்றைத் திறந்துவிட்டுக்கொண்டான். வழக்கம்போலப் பாறைக் குதிப்பு, கலங்கரை விளக்கம், கடற்கரை என்று சுற்றிக் காட்டித் திரும்பினான். இறங்கியதும் அந்தம்மா சண்டைக்கு வந்துவிட்டாள்.

"என்னவாம்டா இதுக்கு?" என்று என்னைப் பிடித்துக் கேட்டான்.

"எல்லாம் நல்லாயிருந்துச்சாம் அண்ணே. ஏமாத்திட்டீங்களாம்."

அவன் என்னைத் துரத்தினான். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மூளையில் விளக்கு எரிந்தது. ஊதா விளக்கு அல்ல, அசல் விளக்கு.

ஜனவரி 22, புதன்

சாப்பாட்டு மேஜையில் மாநாடு. தலைமை: நான். விருந்தினர்: அக்கா, அம்மா. தரைவழிப் பங்கேற்பு: அப்பா.

"எல்லாரும் நல்லது நல்லதுன்னு கத்துறாங்க அக்கா. நாம மோசத்தை விப்போம். நிஜமான மோசம். கலப்படம் இல்லாதது."

"யார்டா மோசத்துக்கு ஏறுவாங்க?"

"நேத்து ஏறினாங்களே! கெடைக்கலேன்னுதானே சண்டை?"

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் பென்சிலை எடுத்தாள். அது போதும்.

பட்டியல் இதோ: சூரை மீன் ஆலைக்குப் பின்னாலிருக்கும் முக்கு, காற்றடிக்கும் நேரத்தில். குன்றில் ஏறி ஒரு சுவரில் முட்டி நின்றுவிடும் படிக்கட்டு. யார் கட்டினார்கள், எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கலங்கரை விளக்கம் துளிகூடத் தெரியாத ஒரே இடம், ஐஸ் கிடங்கின் பின்புறம். அப்பா தரையிலிருந்து, "நம்ம பெனிக்னோவை விட்டுட்டீங்களே" என்றார். பெனிக்னோ பக்கத்து மொட்டைமாடியில் தினமும் டூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதிப் பழகுகிறான். அவன் ஊதினால் எங்கள் நாய் வேறு தெருவில் போய்ப் படுக்கும்.

"முடி வெட்டுற தாச்சோவும்" என்றாள் அக்கா, என் தலையைப் பார்த்துக்கொண்டே. "கடைக்குப் போகவேணாம். வேலையை வண்டியிலேயே காட்டிடலாம்."

"அம்மாவோட காபி" என்றேன் நான்.

செருப்பு என் காதை உரசிக்கொண்டு போனது. காபி பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கடைசியில் அக்கா சொன்னாள்: "எல்லாமே மோசம்னா அழுதுருவாங்கடா. கடைசியா ஒண்ணே ஒண்ணு நல்லதா இருக்கணும். அதைப் பத்தி முன்னாடி வாயே தொறக்கக்கூடாது." பழைய ஊர்க் கடற்கரையில் தள்ளுவண்டி வைத்திருக்கும் சோக்கோ அத்தையின் இறால் தொஸ்தாதாவை, அதாவது மொறுமொறு சோள அப்பளத்தின்மேல் இறாலை, முடிவு செய்தாள். பச்சை மிளகாய், எலுமிச்சை, நாக்கில் தீ. அது மோசமா நல்லதா என்று கண்ணீரைத் துடைத்தபிறகுதான் தெரியும்.

எனக்கு அந்த நல்ல விஷயம் தேவையில்லை என்று பட்டது. என் பேச்சு இருக்கிறதே.

பிப்ரவரி 4, செவ்வாய்

வெற்றி! வெற்றி! நாலு இருக்கையும் நிரம்பின!

நான் அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அக்கா வாசலில் குழம்பிக்கொண்டு நின்றவர்களிடம் போய் ஏதோ முணுமுணுத்தாள். காபோவில் பொறுக்கிய ஆங்கிலம். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மீசை வரும் இடத்தைத் தடவினேன். வந்து ஏறிவிட்டார்கள். அட்டையின் மகிமை. ஆளின் மகிமையும்தான்.

வழியெல்லாம் நான்தான் பேசினேன். "சீமான்களே, சீமாட்டிகளே, இந்த வாசனையைப் படம் எடுக்க முடியாது, அதனால் மூக்கில் எடுத்துச் செல்லுங்கள்." "இந்தப் படிக்கட்டு சொர்க்கத்துக்குப் போகிறது, சொர்க்கம் இன்று விடுமுறை." என்ன கைதட்டல்! ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டல். ஒரு பெரியவர் நான் சொன்னதையே திருப்பிச் சொன்னார், அவ்வளவு ரசனை. கொஞ்சம் மாற்றிச் சொன்னார், வினைச்சொல்லை மட்டும். பாவம், ஞாபகமறதி.

பெனிக்னோ மாடியில் ஊதினான். நாலு பேரும் காதைப் பொத்தி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவன் குனிந்து வணங்கினான். முதல் ரசிகர்கள்.

தொஸ்தாதா தின்றதும் ஒரு அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவை எதற்கு? பேசியது நானல்லவா?

பிப்ரவரி 5, புதன்

மறுபடி நிறைந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடி. கப்பல் வரும் நாளெல்லாம் நான் கப்சா விடும் நாள்.

புகழின் தொல்லைகளைப் பற்றி எழுதியாகவேண்டும். இன்று ஒரு பெண்மணி, முன்னாள் ஆசிரியையாம், தன் பென்சிலை எனக்குப் பரிசளித்தாள். பேனாவாக இருந்தால் கையெழுத்து கேட்கிறாள் என்று நினைத்திருப்பேன். பென்சிலை வைத்து என்ன செய்ய? இன்னொருவர் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "உனக்கு, எந்தப் பருவம், பிடிக்கும்?" என்று கேட்டார். மேதைகளிடம் பேசும்போது ஜனங்களுக்கு நாக்கு குழறும் போல. "கப்பல் பருவம்" என்றேன். கைதட்டல்.

சுற்றுலா, சுத்தி வரும் உலா, சுத்தப் பொய்யுலா. எல்லாம் நான்.

பிப்ரவரி 13, வியாழன்

சீலோ காப்பியடித்துவிட்டான்!! "இன்னும் மோசமான சுற்றுலா" என்று பலகை, சுற்றிலும் ஊதா விளக்கு. யாரை வைத்து எழுதினானோ, எழுத்துப் பிழை இல்லை. அது என்னுடையதைவிட ஒரு படி மேல் என்பதை மனவலியுடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாருங்கள் வேடிக்கையை. பலகையைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏறுவதோ எங்கள் வண்டியில். அவனிடம் கடைசிவரை ஒருவரும் போகவில்லை. நுரை மெஷினைப் போட்டான். நுரை தோன் எவாரிஸ்தோவின் காபியில் விழுந்தது.

"எப்படிடா?" என்று என்னிடமே வந்து கேட்டான். "அதே அட்டை, அதே மோசம். என்கிட்ட இல்லாதது உங்ககிட்ட என்ன இருக்கு?"

"தெறமை அண்ணே" என்றேன். "கடையில கெடைக்காது."

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஒரே ஒரு கப்பல், அதிலும் பாதிப் பேர் ஸ்டிக்கர்வாசிகள். அக்கா வாசலில் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். ஒவ்வொருவரிடமும் போனாள், தலையாட்டித் திருப்பினார்கள், அடுத்தவரிடம் போனாள். நான் அட்டையைக் கீழே வைத்து, "விடு அக்கா, இன்னைக்கு அவ்ளோதான்" என்றேன்.

"இன்னும் ஆளு வந்துக்கிட்டிருக்காங்கடா" என்றாள். உதடு வெடித்திருந்தது.

கடைசியில் ஒரு வயதான தம்பதி. இரண்டு பேருக்காக முழுச் சுற்றும் ஓட்டினாள். நானும் எதையும் விடாமல் பேசினேன். படிக்கட்டில் கூட ஏறிக் காட்டினேன், முட்டி நின்றேன்.

காபோவில் அவள் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று பட்டது. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கார்னிவல் தொடங்கியாயிற்று. தெருவெல்லாம் வண்ணத்தாள் அடைத்த முட்டை. பள்ளி வாசலில் கணக்கு ஆசிரியரின் பின்னந்தலையில் ஒன்று உடைந்தது. யார் செய்தது என்று இந்த நாட்குறிப்புக்குத் தெரியாது.

அப்பா இன்று எழுந்து சுவரைப் பிடித்து நின்றார். "கூட்டத்துக்கு நானும் வர்றேன். கை தூக்காதவன் மூஞ்சியை நேருக்கு நேர் பாக்கணும், கீழேருந்து பாத்து அலுத்துப்போச்சு" என்றார்.

ஆங்கிலத் தேர்வு நெருங்குகிறது. படிக்கவில்லை. எங்கே நேரம்? பேசிக்கொண்டே இருக்கிறேனே.

மார்ச் 4, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

நாலு பேர்: முழங்கால் சரியில்லாமல் கைத்தடியோடு வந்த ஹல்வர்சன் அம்மா, அவருடைய கணவர், இரண்டு தோழிகள். மோசமெல்லாம் முடிந்து சோக்கோ அத்தையின் வண்டியருகே தின்றுகொண்டிருந்தோம். இன்றைக்கு ஊர்வலம் என்று தெரியும், சாயங்காலம்தானே என்று இருந்தோம். திடீரென்று கடற்கரைச் சாலை முழுக்கத் தடுப்பு. சொன்ன நேரத்துக்கு முன்பாகவே அடைத்துவிட்டார்கள்.

"வண்டி ஒரு அடி நகரக்கூடாதும்மா" என்றார் போலீஸ்காரர்.

"கப்பல் போயிடும் சார்."

"எனக்கும் சோறு போயிடுச்சு. நான் என்ன பண்றது?"

சற்றுத் தள்ளிச் சீலோவின் வண்டியும் மாட்டியிருந்தது. அவனுக்கும் இன்று ஆள் கிடைத்திருந்தது. ஊதா விளக்கு எரிந்துகொண்டிருக்க, அவன் முகத்தில் மட்டும் வெளிச்சம் இல்லை. அவனுடைய பயணிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். பயணிகளைக் கப்பலுக்குச் சேர்க்காத வண்டிக்கு வாசலில் மறுபடி நிற்க முகம் இருக்காது. நாளைக்குக் கூட்டம் வேறு.

அப்போதுதான் தரையைப் பார்த்தால், வண்ணத்தாளுக்கு அடியில் நீலக்கோடு! நடந்து போகிறவர்களுக்கான அதே கோடு. வாசலில் எங்கள் வயிற்றில் அடித்த கோடு. அது நேரே கப்பலுக்குத்தானே போகிறது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தோம். ஹல்வர்சன் அம்மாவால் நடக்க முடியாது. முக்குக் கடையில் தள்ளுவண்டி கேட்டு வாங்கி, அவரை உள்ளே உட்காரவைத்து நான் தள்ளினேன். "சீலோ! உன் ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு பின்னாலேயே வா!" என்று அக்கா கத்தினாள். ஆனால் கூட்டம் வழிவிட்டால்தானே? தோளோடு தோள் நிற்கிறார்கள்.

பெனிக்னோ! அந்தக் கூட்டத்தில்தான் டூபாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாராவது வாசிக்கக் கூப்பிடுவார்களா என்று சுற்றிக்கொண்டிருந்தான். அவனை முன்னால் நிறுத்தினோம். ஊதினான். கார்னிவலில் டூபா வந்தால், பின்னால் ஆட்கள் வந்தால், அது ஊர்வலம். ஜனங்கள் தானாகவே விலகினார்கள். சிலர் எங்கள்மேல் முட்டை உடைத்தார்கள், சிலர் பின்னால் சேர்ந்து ஆடினார்கள். அவனுக்குத் தெரிந்தது பாதிப் பாட்டு. அதையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டு வந்தான். தள்ளுவண்டிக்குள் ஹல்வர்சன் அம்மா கைத்தடியை ராணி மாதிரி ஆட்டினார். தலையெல்லாம் வண்ணத்தாள்.

துறைமுக வாசலில் எங்கள் வரிசைக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். முன்னால் டூபா, பின்னால் தள்ளுவண்டியில் ராணி, அதற்குப் பின்னால் சீலோவும் அவன் ஆட்களும், கடைசியில் யாரென்றே தெரியாத ஆட்டக்காரர்கள். தோன் எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். மடியில் வைக்கவில்லை, மேலே ஆட்டினார்.

கப்பல் நின்றிருந்தது. எல்லாரும் ஏறினார்கள்.

இந்த மீட்புப் பணியின் திட்டம், தலைமை, நிர்வாகம்: நெரேயோ, அதாவது நான். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. போகும்போது ஹல்வர்சன் அம்மா என் கன்னத்தைத் தட்டி, "வியாழக்கிழமை நல்லா பண்ணு. கடந்த காலத்தில் சொல்லும்போது மட்டும் கவனம்" என்றார். வியாழக்கிழமை என்ன? அவருக்கு எப்படி?

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கூட்டம். அப்பா சுவரில் சாய்ந்து நின்றே இருந்தார்.

"ஒதிலியா வாசல்லேயே இருக்கட்டுங்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தோன் எவாரிஸ்தோ.

முதலில் எழும்பியது சீலோவின் கை. "என் ஆளுங்களையும் சேத்துக் கூட்டியாந்தா. அவ இல்லேன்னா நேத்து நான் செத்தேன்" என்றான். பிறகு மற்றக் கைகள். எண்ணவேண்டிய அவசியமே வரவில்லை. அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், கடைசியில் மூக்கைச் சிந்தினார்.

அக்கா, "சரி" என்றாள். "நாளைக்கு மறுநாள் கப்பல் இருக்கு, நான் வண்டியைக் கழுவணும்." அவ்வளவுதான். ஆனால் போகும் வழியில் நின்று, வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை.

வெளியே வரும்போது சீலோ என் முதுகில் ஒரு தட்டு தட்டினான். "என்னடா பரீட்சைக்காரா, நாளைக்குத்தானே? நல்லா எழுதுடா!"

"எழுதுறதில்ல, வாய்ல" என்று இன்னொரு ஓட்டுநர் திருத்தினார்.

இவர்களுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 6, வியாழன்

தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் ஊரைப் பற்றிச் சொல்."

வாயைத் திறந்தேன். "சீமாட்டியே, இந்த ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை" என்று ஆரம்பித்தேன். மீன் முக்கு, படிக்கட்டு, தெரியாத கலங்கரை விளக்கம், டூபா, என் தலை. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. கடந்த காலத்தில் சொல்லும்போது கவனமாக இருந்தேன். பென்சில் கொடுத்த அம்மா திருத்தியது, ஞாபகமறதிப் பெரியவர் மாற்றிச் சொன்னது, எல்லாம் வாயில் தானாக வந்தன. தேறிவிட்டேன். நல்ல மதிப்பெண்ணாம். அம்மா சந்தேகப்பட்டு இரண்டு முறை கேட்டாள்.

பள்ளியிலிருந்து வந்ததும் வண்டியடியில் படுத்திருந்த அக்காவின் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"வாசல்ல அவங்ககிட்டப் போய் என்ன சொல்லுவே?"

"யாருகிட்ட?"

"நடிக்காத. நான் அட்டையைத் தூக்குறப்போ."

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"அதோ நிக்கிறானே, என் தம்பி, இங்கிலீஷ்ல பெயிலாயிட்டான், மார்ச் ஆறாம் தேதி மறுபடி பரீட்சைன்னு சொல்லுவேன். ரொம்பப் பேசுவான், பாதி பொய், ஆனா எனக்காகத்தான் பேசுறான். கூட வந்து கொஞ்சம் காது குடுங்கன்னு கேப்பேன். சொல்லிச் சொல்லி இப்ப வரிசைக்கே தெரிஞ்சுபோச்சு."

"அட்டை?"

"அட்டையைப் பாத்துச் சிரிப்பாங்க. உன்னைப் பாத்துத்தான் ஏறுவாங்க."

"பாவம்னுதானா?"

"வேற எதுக்கு? அழகுக்கா?"

சரி. எழுதிவிடுகிறேன், இந்த நாட்குறிப்பில் இடம் கிடக்கிறது. கைதட்டல் என் நகைச்சுவைக்கு இல்லை; வாக்கியம் முடிந்ததற்கு. சீலோவிடம் இல்லாதது திறமை இல்லை, பெயிலான தம்பி. தூண்டில் போடுகிறவன் என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். நான் புழு.

செவ்வாய்க்கிழமை விஷயத்தையும் திருத்துகிறேன். நீலக்கோட்டைப் பார்த்தது அக்கா. தள்ளுவண்டி அக்கா. பெனிக்னோவைக் கூப்பிட்டதும் அக்கா. தடுப்பு போட்டதும் நான் செய்த முதல் காரியம், "கப்பல் போயிடும், போயிடும்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஹல்வர்சன் அம்மாதான் கைக்குட்டை கொடுத்தார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா மறுபடி வண்டியடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"டேய், நாளைக்கு என்னடா சொல்றது? நீ வேற தேறித் தொலைஞ்சிட்டியே."

"ஜூன்ல முழு ஆண்டுப் பரீட்சை இருக்கு அக்கா" என்றேன், அட்டையைத் தேடிக்கொண்டே. "அதுலயும் இங்கிலீஷ் உண்டு."